சித்தப்பாவின் பழைய லேப்டாப்: ஃபார்மேட் போடுவதற்கு முன்

சொந்தக்காரர் வீட்டு லேப்டாப் நம் கைக்கு வரும்போது கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, ஒரு ஃபார்மேட் போட்டுக் குடுத்துடு." அதை அப்படியே நிறைவேற்றிவிடாதீர்கள். ஃபார்மேட் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தின் பெயர். நோய் என்னவென்று அவர் இன்னும் சொல்லவில்லை.

இங்கே பேசப்போவது 2012 முதல் 2015 வரை அலுவலகங்களுக்கென்று தயாரான லேப்டாப்புகளைப் பற்றி. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக், புரோபுக் வகையறா. கம்பெனிகள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டாக விற்பனைக்கு வரும். இன்டெல் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை ஐ3, ஐ5, 4 ஜிபி ராம், 320 அல்லது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்பது வழக்கமான அமைப்பு. இந்த வகை இன்னும் பழுது பார்க்கத் தகுந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்கும், ராமும் டிஸ்க்கும் தனியாகக் கழன்று வரும், உதிரி பாகமும் கிடைக்கும்.

திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு, அதுக்கப்புறம் என்ன மாத்துனீங்க?" கீழே விழுந்ததா, டீ கொட்டியதா, வேறு சார்ஜர் வாங்கினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சார்ஜர் மாற்றிய கதை வெளியே வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஃபைல்கள்

லேப்டாப் எந்த நிலையில் இருந்தாலும் முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் நான்கும் எல்லோருக்கும் நினைவு வரும். மறந்துபோவது டேலியின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் மெயில்களைச் சேமித்திருக்கும் பிஎஸ்டி ஃபைல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், டி டிரைவில் "நியூ ஃபோல்டர்" என்ற பெயரில் கிடக்கும் கல்யாண ஆல்பம்.

தமிழில் தட்டச்சு செய்பவர் வீட்டு லேப்டாப் என்றால் இன்னொன்றும் உண்டு: எழுத்துரு. பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பத்திர நகல், சங்கக் கணக்கு, பாட்டியின் நினைவு மலர் எல்லாம் யூனிகோடு அல்ல. அந்த ஃபைலுக்குள் இருப்பவை வெறும் ஆங்கிலக் குறியீடுகள். எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். ஃபைலை மட்டும் காப்பி செய்துவிட்டு டிஸ்க்கை அழித்துவிட்டால் சித்தப்பாவின் பத்து வருட வேலை "mk;kh" என்ற கோலத்தில் வந்து நிற்கும். எழுத்துருக்கள் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ். இன்னொன்று, விண்டோஸ் 10-இன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து, பயனர் பெயருக்குக் கீழே ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று போகும் பாதையில் இருக்கும் ஃபான்ட்ஸ். இரண்டையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஆவணங்களைப் பழைய நிலையிலேயே திறந்து பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்துவிடும். யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மென்பொருள்கள் உண்டு. அதை நிதானமாகப் பிறகு செய்துகொள்ளலாம்.

காப்பி நகராமல் ஒரே ஃபைலில் நின்றாலோ, டிஸ்க்கிலிருந்து டக் டக் என்ற சத்தம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள், சாகும் டிஸ்க்கில் அது கடைசி உதை. லினக்ஸ் லைவ் யுஎஸ்பி (விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்தே ஓடும் சிஸ்டம்) போட்டுத் திறந்து சிறிய, ஈடு இல்லாத ஃபைல்களை முதலில் எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டுமானால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் வேறு டிஸ்க்கில் பிம்பம், அதாவது முழு நகல், எடுப்பது நல்லது. எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில்தான் அது திரும்பி வரும்.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைப் பார்க்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போதும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சின்னக் கட்டங்களின், எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. கடைசி இரண்டில் பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்கக் கூடாது. அந்த மென்பொருள் எண்களை ஹெக்ஸில் காட்டும் என்பதால் 10 என்று தெரிந்தால் அது பதினாறு. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் மேல் பழி போடாமல் கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள்.

சார்ஜர் செய்யும் மாயம்

இப்போது அந்த சார்ஜர் கதை. லேப்டாப் ஆன் ஆகிறது, விண்டோஸ் வருகிறது, ஆனால் மவுஸ் நகர்த்தினாலே திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. இதற்கு வைரஸ் காரணமாக இருப்பது அபூர்வம். டெல் லேப்டாப்புகளின் சார்ஜர் முனையில் நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் 65 வாட், நான் 90 வாட்" என்று சார்ஜர் தன்னை அடையாளம் சொல்வது அதன் வழியாகத்தான். ஊசி வளைந்தாலோ, போலி சார்ஜரில் அந்த அடையாளச் சிப் இல்லாமல் போனாலோ, லேப்டாப் பயந்துகொண்டு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாது, பிராசசரையும் கட்டிப் போட்டுவிடும். ஆன் செய்யும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்று ஒரு வரி வரும். எல்லோரும் ஏதோ ஒரு விசையைத் தட்டி அதைத் தாண்டிவிடுவார்கள். இந்த நிலையில் ஃபார்மேட் போட்டாலும், சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டாலும் லேப்டாப் அதே ஆமைதான். சரியான சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

சார்ஜர் வாங்கும்போது வோல்ட் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 20 வோல்ட், 4.5 ஆம்பியர் என்றால் 90 வாட். மல்டிமீட்டரில் சும்மா அளந்து 19.5 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பழுதான சார்ஜர் சுமை இல்லாதபோது சரியாகவே காட்டும், லேப்டாப் இழுக்கும்போதுதான் விழும்.

மேல்பகுதி உலோகமாக இருக்கும் லேப்டாப்பில் கை வைத்தால் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் எர்த் இல்லாததுதான் காரணம். சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கசியவிடும். எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும். த்ரீ பின் பிளக்கை டூ பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறார்களா, சுவரிலுள்ள சாக்கெட்டில் எர்த் கம்பி உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருசுருப்பைத் தாண்டி நிஜமாகவே அடித்தால் சார்ஜரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஆன் ஆகிறது, படம் வரவில்லை

"போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்போடு வரும் லேப்டாப்புகளில் போர்டு நன்றாகவே இருப்பது உண்டு. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஆன் செய்யுங்கள். அடுத்து கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதெல்லாம் அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது, திரைப் பக்கம்தான் சிக்கல். வெளியே ஒரு மானிட்டரை இணையுங்கள். அதுவும் கையில் இல்லையென்றால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. திரையை ஒரு கோணத்தில் வைக்கும்போது மட்டும் படம் வந்து போனால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது. கேபிள் மாற்றினால் போதும், புதுப் பேனல் தேவையில்லை.

கேப்ஸ் லாக்கும் மாறவில்லை என்றால் ராம். ஒரு குச்சியைக் கழற்றி, தங்க நிறத் தொடர்புகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூளைத் தூரிகையால் துடைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். ஒரே குச்சியை ஒவ்வொரு ஸ்லாட்டிலும், பிறகு அடுத்த குச்சியை அதே மாதிரி. அவசரப்படாமல் எல்லாச் சேர்க்கையையும் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றே இந்தத் தொடர்புகளைக் கெடுக்கும்.

படம் வந்தபின்னும் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை மென்பொருள் ஒரு முழுச் சுற்று ஓடட்டும், சில மணி நேரம் பிடித்தாலும். கெட்ட ராமில் விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அடுத்த வாரமே நீலத் திரையோடு லேப்டாப் திரும்பி வரும்.

திறக்கும் கை

பேட்டரியைக் கழற்றிய பிறகே திறக்க வேண்டும். உள்ளே பொருத்தப்பட்ட பேட்டரி என்றால் திறந்தவுடன் அதன் கனெக்டரைக் கழற்றுவது முதல் வேலை. ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். 3 மில்லிமீட்டர் போக வேண்டிய இடத்தில் 8 மில்லிமீட்டரைப் போட்டு இறுக்கினால் மேல்பக்கத்தில் டச்பேடு அருகே முனை எட்டிப் பார்க்கும். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வையுங்கள்.

சூடாகி அணைந்துபோகும் லேப்டாப்பில் ஃபேனுக்கு வெளியே தெரியும் தூசியை ஊதினால் பயனில்லை. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளி மாதிரி அடைந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும்; பெரும்பாலும் ஒரே துண்டாக உரிந்து வந்துவிடும். புளோயர் பயன்படுத்தினால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோக அமைப்பான ஹீட் சிங்கைக் கழற்றினால், இடையில் இருக்கும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். பழையதை ஆல்கஹால் தொட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பளபளக்கும் சிப்பின் மேல் ஓர் அரிசி அளவு வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். லேப்டாப் பிராசசருக்கு மேல் உலோக மூடி கிடையாது என்பதால் ஓர் ஓரம் காய்ந்திருந்தாலும் அந்த இடம் கொதிக்கும். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். அந்த வரிசையில், ஒரே மூச்சில் இறுக்காமல் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். சில சிப்களின் மேல் மெத்தென்ற தெர்மல் பேடு இருக்கும். அதை எடுத்துவிட்டு பேஸ்ட் போடாதீர்கள். அது நிரப்பும் அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை பேஸ்ட் நிரப்பாது.

திறந்த கையோடு, கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ சிமாஸ் பேட்டரியை அளந்துவிடுங்கள். சிஆர்2032, 3 வோல்ட். 2.7-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். இது செத்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதி தவறானால் பேங்க், மெயில் என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று எச்சரிக்கை வரும். நெட் போய்விட்டது, ஹேக் செய்துவிட்டார்கள் என்று வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அது அவசரம். டச்பேடு அழுந்தாது, அடிமூடி மேடாகி லேப்டாப் மேசையில் ஆடும். குத்தாமல், வளைக்காமல் கழற்றி எடுத்து, தீப்பற்றாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உப்பாத பேட்டரியின் நிலையை விண்டோஸே சொல்லும்: கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்தால் ஓர் அறிக்கை வரும். அதில் தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தாலும், லேப்டாப் மேசையை விட்டு நகராது என்றால் புதுப் பேட்டரிக்குச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டியும் ராமும்

பணம் போட ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றால் அது எஸ்எஸ்டி. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி ஆகிறது. முனை சரியான வளையத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால் விநாடிக்கு 60, 70 இடங்களுக்கு மேல் அது தாவிப் படிக்க முடியாது. விண்டோஸ் 10 எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பது அதனால்தான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி தாராளம். இந்தக் காலத்து லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் கண்ணில் பட்டால் அவசரப்பட்டு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். அது சிம் கார்டு மோடத்துக்காக வைத்த ஸ்லாட்டாகவோ, சாட்டா வகை மட்டும் ஏற்பதாகவோ இருக்கும்.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து குளோன் செய்யலாம்தான். ஆனால் 500 ஜிபியிலிருந்து 256-க்கு மாற்றும்போது குளோன்சில்லா மென்பொருள் முரண்டு பிடிக்கும், பார்ட்டிஷனை முன்பே சுருக்கியிருக்க வேண்டும். விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருளான பயாஸில், டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறையை ஏஎச்சிஐக்கு மாற்றிவிட்டுப் பழைய விண்டோஸை எழுப்பினால் நீலத் திரை வரும். பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்குச் சுமக்காமல் புதிதாக நிறுவுவதுதான் என் விருப்பம்.

ராம் 8 ஜிபி ஆக்குங்கள். இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் போதும். லேபிளில் பிசி3 என்று இருந்தால் 1.5 வோல்ட், பிசி3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு பிசி3எல்தான் வேண்டும்; தவறான குச்சி போட்டால் ஆன் ஆகாமல் நிற்கும். மூன்றாம் தலைமுறையில் பெரும்பாலும் இரண்டுமே ஓடும். குழப்பமாக இருந்தால் பிசி3எல் வாங்குங்கள். 8 ஜிபி போட்டும் மூன்று சொச்சம்தான் பயன்படுகிறது என்று வந்தால் உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸ்.

எந்த சிஸ்டம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்தால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். நிபந்தனைகளைத் தாண்டி நிறுவும் வழிகள் உண்டு. நம் சொந்த லேப்டாப்பில் செய்து பார்க்கலாம். வேறு ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்கு அதைச் செய்து கொடுப்பது நியாயமில்லை. அடுத்த பெரிய அப்டேட் மறுக்கும்போது பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம்.

பிரவுசர், மெயில், யூடியூப், கடிதம் அடிப்பது இவ்வளவுதான் தேவை என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ராமில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சினமன். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். லோயர், ஹையர் தேறிய சித்தப்பாவின் விரல்களுக்குப் பழகிய பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது. அதை அமைத்துக் காட்டினால் லினக்ஸ் மேல் வரும் பாதிக் குறைகள் அங்கேயே நின்றுவிடும்.

டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், வரி கட்டும் மென்பொருள் என்று பிழைப்பே அதில் ஓடுகிறதென்றால் விண்டோஸை விட்டு நகர்த்தாதீர்கள். அதுமாதிரி ஆளுக்கு இந்த லேப்டாப்பில் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்து, எட்டாம் தலைமுறை செகண்ட் ஹேண்டுக்குப் பணம் சேர்க்கச் சொல்வதுதான் உதவி. வீட்டில் இருக்கும் பிரிண்டரையும் முன்பே பாருங்கள். நிறைய வீடுகளில் இருக்கும் கேனான் எல்பிபி2900 மாதிரி பிரிண்டர்களுக்கு லினக்ஸில் கேப்ட் என்ற தனி டிரைவர் போட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

விண்டோஸ் 8-உம் அதற்குப் பிறகும் நிறுவப்பட்டே கடைக்கு வந்த லேப்டாப்பில் லைசென்ஸ் கீ பயாஸிலேயே பதிந்திருக்கும். அதே விண்டோஸில், ஹோமா, புரோவா என்று பார்த்து அதே பதிப்பை நிறுவினால் கீ கேட்காது. தெருவில் விற்கும் "ஆக்டிவேட்டர்" எதையும் தொடாதீர்கள். அதே லேப்டாப்பில்தான் அவர் பேங்க் பாஸ்வேர்டையும் தட்டப்போகிறார்.

கடையில் இப்போதுதான் வாங்கி வந்தது என்றால் இன்னும் மூன்று சோதனைகளை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். பயாஸுக்குள் நுழைய சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறதா? பயாஸில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற திருட்டுத் தடுப்பு வசதி ஆக்டிவேட்டட் என்று இருக்கிறதா? விண்டோஸைப் புதிதாக நிறுவி நெட்டோடு இணைத்தால் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கிறதா? மூன்றாவது ஆட்டோபைலட் பூட்டு. எத்தனை முறை ஃபார்மேட் போட்டாலும் அது போகாது. அந்தக் கம்பெனி தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் விடும். எட்டாம் தலைமுறை, அதற்கு மேல் வாங்குபவர்கள் இதை அதிகம் கவனிக்க வேண்டும்.

வேலை முடிந்தபின் அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் தினமும் திறக்கும் நான்கு விஷயங்களை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். எனிடெஸ்க் மாதிரி தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நமக்கு வசதி என்று நிரந்தரமாக விட்டு வராதீர்கள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஏமாற்றுபவர்கள் முதலில் கேட்பதும் அதன் எண்ணைத்தான்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்க வேண்டாம். அழித்துவிட்டதாக நினைப்பதும் திரும்ப எடுக்க வரும். சி5, சி6 சுத்தமாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கேசிங்கில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் உடனே அழிக்காமல். ஒரு பழைய உறையில் போட்டு, மேலே தேதியும் "சித்தப்பா, பழைய டிஸ்க்" என்றும் எழுதி ஆறு மாதம் பீரோவில் வைத்திருங்கள். "அந்தப் பத்திரம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேனே" என்ற ஃபோன் நான்காவது மாதம் வரும்.